ஐந்நூறு பிரதிகள் விற்ற கதை

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் அருள்பாண்டிக்கு இருபத்திரண்டு வருட வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பார். சரவெடிப் பெட்டியில் பாய்கிற புலி, கம்பி மத்தாப்புப் பெட்டியில் கன்னம் குழியச் சிரிக்கிற குழந்தை, புஸ்வாணத்தில் தோகை விரித்த மயில் என்று வடநாடு வரைக்கும் போன படங்களில் பல அவர் போட்டவை. கடையில் நூறு பெட்டிகள் அடுக்கியிருந்தாலும் வாங்க வந்தவரின் கண் எதில் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்ததுதான் பின்னால் தன்னைக் கெடுத்தது என்று அவரே சொல்வார்.

சொந்த ஊர் ஆமத்தூர். கரிசல் நிலம் வைத்து மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவர் சண்முகத்தாய், நான்கு வயது இளையவர் அருள்பாண்டி. அக்காவை ஏழாயிரம்பண்ணையில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை செல்லச்சாமி ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வெடிமருந்து கலக்கிற அறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. போர்மேன் வந்து நின்றால்தான் அந்த அறைகளைத் திறக்கலாம்.

பத்து வருடங்களுக்கு முன்னால், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காலை ஒன்பது மணிக்கு ஒன்பதாம் நம்பர் அறை வெடித்தது. முதல் நாள் மழையில் பாதியில் நிறுத்திய மருந்து அப்படியே கிடந்திருக்கிறது. அழித்திருக்க வேண்டிய மருந்து. லோடு அனுப்புகிற அவசரத்தில் யாரும் அழிக்கவில்லை. செல்லச்சாமியும் அவரோடு வேலை பார்த்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். செல்லச்சாமியின் மகள் பாண்டிமீனாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அடுத்த இரண்டு வருடங்களும் சண்முகத்தாய் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கூட இருந்தது தம்பிதான். ஆபரேஷனுக்குக் கூட்டிப் போக ஆள் வருவதற்கு முன்பு, பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"ஏலே அருளு, ஒண்ணு சொல்றேன். நான் திரும்பி வருவனோ என்னமோ. அன்னைக்குக் காலையில அவுக போகமாட்டேன்னுதான் படுத்துக் கெடந்தாக. மனசு ஒப்பலைன்னாக. நான்தான் கேக்கலை. சீசன் நேரத்துல இப்படிப் படுத்துக் கெடந்தா ஓனர் என்ன நெனைப்பாருன்னு சட்டையை எடுத்துக் கையில குடுத்து அனுப்பிவிட்டேன். நான் அனுப்பாம இருந்தா அந்த ரூமையே தொறந்திருக்க மாட்டாக. அந்த மூணு பொம்பளைகளும் இருந்திருப்பாக."

"விடுக்கா. நீ என்ன செய்வ?"

"யார்ட்டயும் சொல்லிராத. மீனாவுக்குத் தெரியவே கூடாது. தகப்பனைத் தூக்கி எமன் கையில குடுத்தவன்னு அது என்னையப் பாத்துறக் கூடாதுலே."

அவர் சொல்லமாட்டேன் என்றார். அக்கா நல்லபடியாகத் திரும்பி வந்தார். இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சட்டை அருள்பாண்டியை விடவில்லை. கல்லூரிக் காலத்தில் சின்னச் சின்னதாகக் கதைகள் எழுதிப் பார்த்தவர், இப்போது காலையில் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நாவல் முடிய மூன்று வருடம் ஆனது. பெயர், 'ஒன்பதாம் அறை'.

நாவலில் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஊரை மாற்றினார். மகளை மகனாக்கினார். சட்டையை எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கு வேறு பெயர், வேறு முகம், வேறு பேச்சு. அவரை நியாயமாகப் பார்த்தால் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பெண்ணை அவர் மிகுந்த அன்போடு எழுதியிருந்தார். படித்தவர்களுக்கு அவள் மேல் கோபம் வராது.

நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். இரண்டு பதில் போடவில்லை. ஒன்று, பட்டியல் நிரம்பிவிட்டது என்றது. இன்னொன்று பக்கங்களைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. தீபாவளி முடிந்து அச்சகத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் முதலாளியிடம் கேட்டு, தானே அட்டை வடிவமைத்து, தானே ஐந்நூறு பிரதிகள் அச்சடித்துக்கொண்டார். பழுப்புத் தாளில் சுற்றிய கட்டுகள் வீட்டுக்கு வந்து இறங்கின. கற்பகம், அவருடைய மனைவி, பீரோவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் புத்தகம் எழுதுவது வேறு, விற்பது வேறு என்று அவருக்குப் புரிந்தது. மதுரையில் ஒரு கடை ஐந்து பிரதிகளை வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்து, ஆறு மாதம் கழித்துக் கடை முத்திரையோடு அப்படியே திருப்பிக் கொடுத்தது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடைக்காரர், "இங்கன பஸ்ஸுக்கு நிக்கிறவுக சேவு வாங்குவாக, ராசிபலன் வாங்குவாக. இது போகாது சார்" என்று நல்லவிதமாகவே சொன்னார். விருதுநகர்ப் புத்தகத் திருவிழாவில் தெரிந்த பதிப்பாளர் ஒருவரின் அரங்கில் பத்துப் பிரதிகள் வைக்க இடம் கிடைத்தது. பதினோரு நாளும் சாயங்காலம் போய், வாங்க வந்தவர் மாதிரி பக்கத்தில் நின்றார். எடுத்தவர்கள் பின்னட்டையைப் படித்தார்கள், விலையைப் பார்த்தார்கள், எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப்படத்தைப் போட்டால், இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். மூன்றாவது ஆள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுவார். அதற்குள் புத்தகம் மேலே போய் மறைந்துவிடும். சொந்தக்காரர்கள், "நமக்கு ஒரு காப்பி சும்மா குடுக்க மாட்டீகளா?" என்றார்கள். கொடுத்தார். யாரும் படிக்கவில்லை.

அந்த ஒரு வருடத்தில் புத்தகத்தை உண்மையாகவே கொண்டுபோய் விற்றவர் ஒருவர்தான். சண்முகத்தாய். பத்துப் பிரதிகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற கம்பெனி வேனில், "என் தம்பி எழுதுனது. உங்க வீட்டுப் புள்ளைகள வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று சொல்லி ஏழு பிரதிகளை விற்றிருந்தார். அவர் அதைப் படித்திருக்கவில்லை.

"நான் எங்கன இம்புட்டையும் எழுத்துக்கூட்டப் போறேன். நீ எழுதுனா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அப்போதாவது அதில் என்ன இருக்கிறது என்று அருள்பாண்டி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரைத்தான் மாற்றிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

அச்சகத்தில் ரோஷினி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து இணையத்தில் போடுவது அவள் வேலை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அருள்பாண்டியின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அட்டையவே காட்டிக்கிட்டு இருக்கீக. புஸ்தகத்த யாரும் பாக்க மாட்டாக. ஆளத்தான் பாப்பாக. இது நெசமா நடந்ததா?"

அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். "எங்க அக்கா கதை."

"பெறகென்ன? அதச் சொல்லுங்க, போதும்."

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்தப் பெட்டியில் கண் போய் நிற்கும் என்று வருடக்கணக்காகப் பார்த்த மனிதர். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அக்காவின் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். மறுநாள் கேமராவைச் சரிசெய்துகொண்டே ரோஷினி கேட்டாள்.

"அக்காட்ட கேட்டுட்டீகளா?"

"கேட்டுட்டேன்" என்றார்.

ஒரு நிமிட வீடியோ. அருள்பாண்டி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார். "இது கதை இல்லை. இது என் அக்கா சண்முகத்தாய். இது என் மச்சான் செல்லச்சாமி. அன்றைக்கு அவர் வேலைக்குப் போக மாட்டேன் என்றார். சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியது என் அக்கா." அதோடு கல்யாணப் படம் வருகிறது. பிறகு புத்தகத்தின் அட்டை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் போன் நிற்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து, ஓசூரிலிருந்து, மலேசியாவிலிருந்து ஆர்டர்கள். வீடியோவைப் பார்த்து அழுததாக ஒரு அம்மா அரை மணி நேரம் பேசினார். வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவரும் கற்பகமும் பொட்டலம் கட்டினார்கள். ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். தபால் ஆபீசில் இருந்தவர், "என்ன சார், தினமும் ஒரு மூட்டை" என்று சிரித்தார். எட்டே நாளில் கையில் ஒரு பிரதிகூட இல்லை. மறுபதிப்புக்கு ஆயிரம் பிரதிகள் மிஷினில் ஏற்றச் சொன்னார். அந்த எட்டு நாளும் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் என்று அவர் ஒளிக்காமல் ஒத்துக்கொள்வார்.

நடுவில் கற்பகம் ஒருமுறை கேட்டார். "மதினிக்கு இது தெரியுமா?"

"அக்காட்ட நேர்ல போய்ச் சொல்லிக்கிடலாம். ஏழாயிரம்பண்ணையில யாரு இதெல்லாம் பாக்கப் போறா?"

பாண்டிமீனா விருதுநகரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வீடியோவைக் காட்டியது அவள் வகுப்புத் தோழி. "உங்க ஊர்க்காரவுக போல, பாரேன்" என்று காட்டியிருக்கிறாள். கல்யாணப் படத்தைப் பார்த்ததும் மீனா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள். ஒன்பதாம் நாள் காலையில் அவள் அருள்பாண்டியை அழைத்தாள்.

"மாமா, அது நெசமா?"

அவர், "அம்மாட்டக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். அம்மா ஒண்ணுஞ் சொல்லலை. போன அப்படியே காதுல வச்சுக்கிட்டு இருந்தாக. நானும் அப்படியே இருந்தேன். பெறகு வச்சிட்டேன்."

"மீனா, மாமா சொல்றதக் கேளு..."

"நீங்கதான் ஊருக்கே சொல்லிட்டீகளே மாமா" என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

அருள்பாண்டி அன்று வேலைக்குப் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போனார். வெயில் ஏறியிருந்தது. அக்கா வீட்டில் இருந்தார். கம்பெனிக்குப் போகாமல் வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டுக்கே வாங்கி வந்து சுற்றிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. உக்காருங்க."

அருள்பாண்டி வாசலிலேயே நின்றுவிட்டார். பிறந்ததிலிருந்து அந்த வாய் அவரை 'ஏலே' என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

"என்னையப் போயி வாங்கங்கிறியேக்கா."

"சாப்பிட்டீகளா? சோறு இருக்கு."

"அக்கா, நான் செஞ்சது தப்புதான். திட்டு. ரெண்டு அடி வேணாலும் அடி."

அவர் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். வேனில் அவர் ஏறியதும் பேச்சு நின்றுபோகிறதாம். இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நின்றுவிட்டார். இறந்துபோன மூன்று பெண்களில் ஒருத்தியின் கணவர் கருத்தப்பாண்டி. அவர் முந்தின நாள் வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. "அன்னைக்கு அண்ணாச்சி வராம இருந்திருந்தா ரூம் தொறந்திருக்காதுல்ல தாயி" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "ஆமாய்யா" என்று சொல்லியிருக்கிறார் சண்முகத்தாய். கருத்தப்பாண்டி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"சண்டைக்கு வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார் சண்முகத்தாய்.

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "நான் அந்தப் புத்தகத்தை எழுதியே இருக்கக் கூடாது" என்றார்.

"எழுதுனதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? பக்கத்து வீட்டுப் புள்ளைய வாசிக்கச் சொல்லி நேத்துத்தான் கேட்டேன். அதுல எம்பேரு இல்ல. வேற யாரோ ஒரு பொம்பள. நல்ல பொம்பளையாத்தான் எழுதியிருக்கீக. எனக்கே அவ மேல எரக்கமா இருந்துச்சு. படிச்சவுக அம்புட்டுப் பேரும் அப்படித்தான் நெனைச்சிருப்பாக." கொஞ்சம் நிறுத்தினார். "விக்கிறதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டீக."

அருள்பாண்டி கிளம்பத் திரும்பினார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று அக்கா சோறு போட்டார். விருந்தாளிக்குப் போடுவது போல எதிரில் நின்று பரிமாறினார். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தார்.

வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது வேறு பலருடைய பக்கங்களுக்குப் போயிருந்தது. ஒருவர் சோகப் பாட்டுச் சேர்த்திருந்தார். இன்னொருவர், 'கணவனைச் சாவுக்கு அனுப்பிய மனைவி' என்று மேலே எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பி எடுக்கச் சொன்னார். சிலர் எடுத்தார்கள். சிலர், "இவ்வளவு பேர் பார்த்திருக்காங்க, உங்க புக்குக்கும் நல்லதுதானே" என்றார்கள். அந்த வாசகத்தை அவரும் ஒரு வாரத்துக்கு முன்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்தான்.

ரோஷினியிடம் உண்மையைச் சொன்னார். அவள் முகம் சுருங்கிப்போனது.

"நான் கேட்டேன்ல அண்ணே?"

"கேட்ட. நான்தான் பொய் சொன்னேன்."

அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவள் அவரிடம் பேசுவதில்லை. அவர் அதைக் குற்றமாக நினைக்கவில்லை.

விருதுநகருக்குப் போய் விடுதியில் மீனாவைப் பார்த்தார். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னதையும், மீனாவுக்குத் தெரியக்கூடாது என்று ஏன் கேட்டார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மிச்ச மருந்தை அழிக்காமல் வைத்தது கம்பெனியின் தப்பு, அம்மாவின் தப்பு இல்லை என்றார்.

"எனக்கு அது தெரியும் மாமா. நான் வெவரம் தெரியாத புள்ளையில்ல. மருந்து எப்படி வெடிச்சதுன்னு ரிப்போர்ட் வாங்கி வாசிச்சிருக்கேன். அம்மா மேல எனக்குக் கோவமே இல்ல." துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "எங்கிட்டச் சொல்லி அழுதிருந்தா அம்மா மடியிலயே படுத்திருப்பேன். ஒரு பிரெண்ட் போன நீட்டி எனக்குத் தெரிய வந்துச்சு பாருங்க. அதத்தான் மறக்க முடியல."

அடுத்த மாதம் அவள் வீட்டுக்குப் போனாள். தாயும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அருள்பாண்டிக்குத் தெரியாது. படிப்பு முடிந்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் கூடவே அழைத்துப் போய்விட்டாள். ஏழாயிரம்பண்ணை வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்தச் சேதியை அக்கா அவரிடம் சொல்லவில்லை. கற்பகத்திடம் சொல்லியிருந்தார். கற்பகத்தோடு அக்கா பழையபடிதான் பேசுகிறார். தம்பி போன் செய்தால் எடுக்கிறார். "நல்லா இருக்கீகளா, கற்பகம் நல்லா இருக்காளா" என்று கேட்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். தன்னைப் பற்றித் தானாக ஒன்றும் சொல்வதில்லை.

மறுபதிப்பை அருள்பாண்டி யாருக்கும் அனுப்பவில்லை. ஆர்டர் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சென்னைப் பதிப்பகம் ஒன்று, முன்பு பதில் போடாத அதே பதிப்பகம், தாங்களே வெளியிடுவதாகக் கடிதம் எழுதியது. வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஆயிரம் பிரதிகளும் அச்சகத்து மாடியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கழிவுத்தாளோடு வெட்டப் போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்டபோது, போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினார்.

போன வருடம் விருதுநகரில், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். எட்டு நாளில் ஒரு பதிப்பையே விற்றவர் என்று அருள்பாண்டியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போக வேண்டாம் என்று கற்பகம் சொன்னார். அவர் போனார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஒரு தையற்கடைக்காரர். அநேகமாக எல்லோர் பையிலும் அவரவர் புத்தகம் இருந்தது.

எப்படி விற்பது என்று அவர் பேசவில்லை. வீடியோ எடுத்ததையும், அக்காவிடம் கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னதையும், பிறகு நடந்ததையும் சொன்னார். பேசி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து யோகலட்சுமி என்ற ஓய்வுபெற்ற டீச்சர் எழுந்தார். இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டு, இரண்டையும் வீட்டிலேயே வைத்திருப்பவர்.

"தப்பா எடுத்துக்கிடாதீக சார். அந்த வீடியோ இல்லாம இருந்தா உங்க புஸ்தகம் வித்திருக்குமா?"

"வித்திருக்காதும்மா" என்றார்.

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார். கூட்டம் கலைந்து டீ குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்து, படித்துப் பார்க்க ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். வீட்டில் ஆயிரம் பிரதிகள் கிடந்தும் இல்லை என்று சொல்லிவிட்டு, அருள்பாண்டி சிவகாசி பஸ் பிடிக்கக் கிளம்பினார்.